விட்டுக்கொடுக்கும் அடுக்கு

வாகனப் பெயிண்டைக் காப்பதற்காக ஒட்டப்பட்ட ஒளிபுகும் படலம், அதன் ஆயுள் முடிந்து மஞ்சளாகி, வெடிப்புவிட்டு, ஓரங்களில் கருமையான அழுக்கைச் சேர்த்துக்கொண்டு நிற்கும்போது, அதை உரித்தெடுக்கும் வேலை பெரும்பாலும் கடையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமே விடப்படுகிறது. ஒட்டுவதற்குத்தான் தேர்ச்சி வேண்டும், உரிப்பதற்குப் பொறுமை இருந்தால் போதும் என்று தொழிலில் நிலவும் எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணம் தவறானது. ஒட்டும்போது பிழை நேர்ந்தால் ஒரு துண்டுப் படலம் வீணாகும், உரிக்கும்போது பிழை நேர்ந்தாலோ தொழிற்சாலையில் பூசப்பட்ட, மீண்டும் அதே தரத்தில் பெற முடியாத பெயிண்டே போய்விடும்.

காரின் இரும்புத் தகட்டின்மேல் பொதுவாக நான்கு பூச்சுகள் இருக்கின்றன: தகட்டைத் தொட்டியில் அமிழ்த்தி மின்னோட்டத்தின் வழியே படியவைக்கும் துருத்தடுப்புப் பூச்சு, மேடுபள்ளங்களை நிரவும் ப்ரைமர், நிறத்தைத் தரும் பேஸ் கோட், அதன்மேல் பளபளப்பையும் வெயில் தாங்கும் திறனையும் தரும் நிறமற்ற கிளியர் கோட். இவை அனைத்தும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோ ஆகும். கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரானை ஒட்டி இருக்கும். இன்று பரவலாக ஒட்டப்படும் பாலியூரித்தேன் படலமோ 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமன் கொண்டது என்பதால், காக்கும் பொருள் காக்கப்படும் பொருளைவிடக் கனமாக இருக்கிறது. அதைப் பிடித்து இழுக்கும்போது, விசை பசையின் வழியாகக் கிளியர் கோட்டிலும், அங்கிருந்து கீழுள்ள பூச்சுகளிலும் இறங்குகிறது. எந்த இணைப்பு வலுக்குறைந்ததோ அதுவே முதலில் பிரிகிறது. பசைக்கும் கிளியர் கோட்டுக்கும் இடையிலுள்ள இணைப்பே எப்போதும் அந்த வலுக்குறைந்த இணைப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையின் முழு நுட்பமும்.

மாஸ்கிங் டேப்பின் வரலாறே இந்தச் சிக்கலிலிருந்துதான் கிளைத்தது. 1920களில் அமெரிக்காவில் இருநிறக் கார்கள் விரும்பி வாங்கப்பட்ட காலத்தில், ஒரு நிறத்தை மறைத்து மற்றொன்றை அடிப்பதற்குப் பெயிண்டர்கள் ஒட்டிய தாள்கள் உரிக்கப்படும்போது புதுப் பெயிண்டையும் பெயர்த்துக்கொண்டு வந்தன. அதைக் கண்ட த்ரீஎம் நிறுவன ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, உறுதியாக ஒட்டவும் சேதமின்றிப் பிரியவும் கூடிய மாஸ்கிங் டேப்பை 1925இல் உருவாக்கினார். நன்றாக ஒட்டுவதும் நல்லபடியாகப் பிரிவதும் வெவ்வேறு குணங்கள் என்பதை அன்று கண்டுகொண்ட தொழில், இன்றும் அவ்விரண்டுக்கும் இடையில்தான் உழைக்கிறது.

ஆகவே, கையை வைக்கும் முன் அந்தப் பகுதி தொழிற்சாலைப் பெயிண்டா, பட்டறைப் பெயிண்டா என்பதை அறிய வேண்டும். தொழிற்சாலையில் கிளியர் கோட் ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டெடுக்கப்படுகிறது. டிங்கரிங் முடித்துப் பட்டறையில் அடிக்கும் பெயிண்ட் 60 டிகிரி அளவிலோ வெறும் காற்றிலோ காய்கிறது, அடித்தளத்தைத் தேய்த்துத் தயார்செய்ததில் குறை இருந்தால் அதன் பிடிப்பும் அதற்கேற்பக் குறையும். தடிமன் அளக்கும் கருவி 200 மைக்ரானுக்கு மேல் காட்டினால் மறுபூச்சு என்று ஐயப்படலாம். பல நூறுகளைத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது என்றே கொள்ளலாம். படலத்தின் மேல் வைத்து அளந்தால் படலத்தின் தடிமனும் சேர்ந்துகொள்ளும் என்பதால், அது ஒட்டப்படாத ஓரத்தில் அளக்க வேண்டும். உலோகத்தை மட்டுமே உணரும் இக்கருவி பிளாஸ்டிக் பம்பரில் பயன்படாது. அங்கே ரப்பர் விளிம்புகளில் படிந்த பெயிண்ட் துளிகளையும் மேற்பரப்பின் சொரசொரப்பையும் கண்ணால் தேட வேண்டியிருக்கிறது. மறுபூச்சு என்று தெரிந்தால், பெயிண்ட் பெயரக்கூடும் என்பதை வேலை தொடங்கும் முன்பே உரிமையாளரிடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இனி வெப்பம். படலத்தில் உள்ள அக்ரிலிக் பசை முழுத் திடப்பொருளும் அன்று, முழுத் திரவமும் அன்று. மெதுவாக இழுத்தால் நூல்நூலாக ஒழுகும், வெடுக்கென்று இழுத்தால் விறைத்து எதிர்க்கும். குளிர்ந்த நிலையில் வேகமாக இழுத்தால் அந்த எதிர்ப்பு முழுவதையும் பெயிண்ட் தாங்க நேர்வதோடு, பழைய படலமும் கிழிந்துபோகிறது. அளவுக்கு மீறிச் சூடேற்றினாலோ பசை தனக்குள்ளேயே பிளந்து, பாதி படலத்தோடும் பாதி பெயிண்டோடும் தங்கிவிடுகிறது. தகட்டின் மேற்பரப்பு 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது பசை இளகியும் இருக்கிறது, தன் உள்வலுவை இழக்காமலும் இருக்கிறது. புறங்கையை வைத்து இரண்டு மூன்று நொடிகளே தாங்க முடிகிற சூடு அது. ஹீட் கன் ஓரிடத்தில் நின்றுவிட்டால் சூடு எல்லை மீறும், பம்பரும் நெளியும் என்பதால் அதை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; நீராவி பரவலாகவும் சீராகவும் சூடேற்றுவதால் முதிர்ந்த படலத்துக்கு அதுவே ஏற்றது. உரிந்த ஓரத்தை மேல்நோக்கி நிமிர்த்தாமல், படலத்தின் மேலேயே மடித்து, மேற்பரப்பை ஒட்டித் தாழ்வாகப் பின்னிழுக்க வேண்டும். பிரியும் கோட்டில் வெண்ணிற நூல்கள் தோன்றினால் பசை பிளக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது சூட்டைக் குறைத்து வேகத்தைச் சற்றே கூட்டினால் அது மீண்டும் படலத்தோடு வந்துவிடுகிறது. கையில் உணரப்படும் இந்தச் சிறு மாற்றத்தை எந்தக் கருவியும் சொல்லித் தருவதில்லை.

வெயிலில் முற்றிய பிவிசி படலங்களும், வேன்களில் ஒட்டப்படும் ரேடியம் ஸ்டிக்கர்களும் இவ்வளவு இணங்கி வருவதில்லை. பிவிசியை வளையச் செய்யும் மென்மையூட்டிகள் ஆண்டுக்கணக்கில் கசிந்து வெளியேறிவிடுவதால், அது நகமளவுச் சில்லுகளாகவே பெயர்கிறது. இங்கேதான் பலரும் பிளேடை எடுக்கிறார்கள். கார்க் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் கூடாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபின் சன் ஃபிலிம் உரித்துப் பழகிய கைகளுக்குப் பிளேடு இயல்பானது. ஆனால் கண்ணாடியில் வழுக்கிச் செல்லும் அதே எஃகு, 40 மைக்ரான் கிளியர் கோட்டை ஒரே தள்ளலில் அறுத்துவிடும். பெயிண்டின் மேல் பிளாஸ்டிக் பிளேடுக்கு மட்டுமே இடம் உண்டு.

எஞ்சிய பசையைக் கரைத்துவிடலாம் என்று நினைப்பது பாதி உண்மைதான். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்த முதிர்ந்த அக்ரிலிக் பசை கரைவதில்லை. கரைப்பானை உறிஞ்சி உப்பி, பிடிப்பை இழக்கிறது. எனவே கரைப்பானில் நனைத்த துணியைப் பசையின் மேல் போர்த்திச் சில நிமிடங்கள் விட்டு, உப்பிய பசையை உருட்டி எடுப்பதே முறை. அழுத்தித் தேய்ப்பது பசையில் சிக்கிய மணலைக் கொண்டு பெயிண்டைக் கீறுவதாக முடியும். மெல்லிய கறைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். தடித்த பசைக்கு வெள்ளை ஸ்பிரிட், மண்ணெண்ணெய், ஆரஞ்சுத் தோலிலிருந்து பெறப்படும் லிமோனீன் கலந்த கரைப்பான் ஆகியவை ஏற்றவை. பெயிண்ட் கடைத் தின்னர் வேகமாக வேலை செய்வது உண்மையே. ஆனால் டொலுயீன், அசிட்டோன் போன்றவை கலந்த அது பட்டறைப் பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே இளக்கிவிடுகிறது. ஹீட் கன் அணைந்து தகடு ஆறிய பிறகே எந்தக் கரைப்பானையும் திறக்க வேண்டும். இவை எல்லாமே தீப்பிடிப்பவை.

பசை நீங்கி, ஷாம்பு நீரில் எண்ணெய்ப் பிசுக்கும் போனபின், படலம் முடிந்த இடத்தில் ஒரு கோடு தெரிவதுண்டு. வெளியே வெயில்பட்ட நிறம் மங்கியிருக்க, உள்ளே மறைந்திருந்த நிறம் அப்படியே இருப்பதால் வருவது அது. பாலீஷ் போட்டு மங்கிய பக்கத்தைத் தெளியவைக்கலாம். ஆனால் ஒவ்வொரு பாலீஷும் கிளியர் கோட்டிலிருந்து சிறிது எடுத்துக்கொள்கிறது, எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை. கோடு முழுவதும் மறையும்வரை தேய்ப்பதைவிட, ஓரளவு மங்கியதும் நிறுத்திவிட்டு, புதுப் படலத்தின் விளிம்பைப் பழைய கோட்டின் மேலேயே முடிக்காமல் அதைத் தாண்டிப் பானெட்டின் உள்மடிப்பு வரை கொண்டுசென்று மடிப்பது, கண்ணுக்கும் பெயிண்டுக்கும் ஒருசேர நல்லது.