கூடவே வரும் குடை

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். அந்த அருமையை உணர்ந்த மனிதன், மரத்தடியை விட்டு நகரும்போதெல்லாம், இந்த நிழலும் நம்மோடு வராதா என்று ஏங்கியிருப்பான். அந்த ஏக்கத்திற்கு விடையாக வந்ததே குடை. ஆனால் குடையைப் பிடித்தால் ஒரு கை போயிற்று. ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாகக் கடைவீதியிலிருந்து திரும்பும் தாய்மாரைப் பாருங்கள். மடக்கிய குடை அக்குளில் இருக்கும், வெயில் தலையில் இருக்கும்!

இக்குறையைப் போக்க ஜப்பானில் ஒரு முயற்சி நடந்தது. தோச்சிகிப் பகுதியைச் சேர்ந்த ஆசாகி பவர் சர்வீஸ் என்ற நிறுவனம், 2018-ஆம் ஆண்டில் பறக்கும் குடை ஒன்றை உலகிற்கு அறிவித்தது. அதற்குக் காம்பும் இல்லை, கைப்பிடியும் இல்லை. ட்ரோன் எனப்படும் ஆளில்லாப் பறக்கும் கருவி, குடைத்துணியைச் சுமந்துகொண்டு தலைக்கு மேலே மிதக்கும். அதிலுள்ள கேமரா உடையவரையே நோக்கியிருக்கும். அவர் நடந்தால் குடையும் நகரும். நின்றால் குடையும் நிற்கும். கோல்ப் விளையாடுவோரை மனத்திற்கொண்டு தீட்டிய திட்டம் இது.

செய்தியைப் படித்து எங்கள் வீட்டில் எல்லாரும் சிரித்தோம். விவரங்களை அறிந்தபோது மேலும் சிரித்தோம். மாதிரிக் குடையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. மின்கலமோ சில நிமிடங்களே தாங்கும். தெருமுனையைத் தாண்டுமுன் நிழலே தலையில் இறங்கிவிடும்! போதாக்குறைக்கு, 2015 டிசம்பரில் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தனி அனுமதி இல்லாவிடில் இத்தகைய கருவிகள் பிறரிடமிருந்து 30 மீட்டர் விலகியே பறக்கவேண்டும். ஆளரவமற்ற வெளியில் குடை விரிக்கலாம். கடைவீதித் தாய்க்கு அதனால் என்ன பயன்?

சிரிப்பு அடங்கியதும் என் மகன் ஒரு கேள்வி கேட்டான்: "வெயில் சாய்ந்தால் நிழல் எங்கே விழும், அப்பா?" நல்ல கேள்வி. கதிரவன் உச்சிக்கும் அடிவானத்திற்கும் நடுவே நிற்கும் பிற்பகலில், தலைக்கு நேர்மேலே 1 மீட்டர் உயரத்தில் குடை மிதந்தால், அதன் நிழல் தலையை விட்டு 1 மீட்டர் தள்ளி விழும். குடை கூட வரும். நிழல் அடுத்தவருக்குப் போய்விடும். கருவிக்கு இதைக் கணக்கிட்டுக் கற்பிக்கவேண்டும். நம் கையோ எவரும் சொல்லாமலே குடையைக் கதிரவன் பக்கம் சாய்த்துவிடுகிறது. பிள்ளையோடு நடக்கும்போது, அதே கை குடையைப் பிள்ளையின் பக்கம் சாய்க்கிறது. தன் தோள் காய்வதைப் பொருட்படுத்துவதில்லை.

பின்தொடரும் நிழல் புதிதன்று. ஈரான் நாட்டிலுள்ள பெர்செபோலிஸ் இடிபாடுகளில் பாரசீக மன்னர் செர்க்ஸஸின் கற்சிற்பம் உண்டு. மன்னர் நடக்கிறார், பின்னால் பணியாள் குடை பிடித்து வருகிறான். நிழல் மன்னருக்கு, வெயில் பணியாளுக்கு. கருவி வந்து அந்தப் பணியாளை விடுவிக்குமானால், அதை நாம் எள்ளி நகையாடக் கூடாது.

ஆனால் அடிமையாக நின்று பிடிப்பது வேறு, அன்பினால் பிடிப்பது வேறு. எங்கள் பங்கில் நற்கருணைப் பவனியின்போது என் தந்தையார் பல ஆண்டுகள் பட்டுக்குடை பிடித்தார். குடை சாயாது, அவர் சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். "கை வலிக்கவில்லையா?" என்று ஒருமுறை கேட்டேன். "யாருக்குப் பிடிக்கிறோம் என்று நினைத்தால் வலி தெரியாதடா" என்றார். இந்த நினைவை எந்தக் கருவிக்குள் வைப்பது?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இரு கைகளும் ஓயாத மனிதருக்கே கை வேண்டாத குடை முதலில் தேவை. மேகாலயாவின் காசி இன உழவர்கள் இதை என்றோ கண்டுகொண்டார்கள். மூங்கிலாலும் இலைகளாலும் ஆமையோடு போலப் பின்னிய 'க்னுப்' என்னும் மறைப்பைத் தலையிலிருந்து முதுகுவரை கவிழ்த்துக்கொண்டு, கொட்டும் மழையிலும் குனிந்து வேலை செய்வார்கள். மின்கலமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். பந்தை அடிப்பவரை மனத்திற்கொண்டு பறக்கும் குடை தோன்றியது. மண்ணைக் கொத்துபவரின் தேவையிலிருந்து க்னுப் தோன்றியது.

எனவே அன்பர்களே, பறக்கும் குடை வரும்போது வரட்டும். இந்தக் கோடையில் நம் வீட்டுக்கு ஓடு மாற்ற வருபவர், வாசலில் கூடையை இறக்கிவைக்கும் காய்கறிக்காரம்மா, தெருவில் தார் ஊற்றுபவர் ஆகியோருக்கு உச்சிவேளையில் ஒரு மணி நேர ஓய்வும், திண்ணையில் ஓர் இடமும், ஒரு செம்பு மோரும் கொடுப்போம். அவர்களைத் தேடிச் செல்லும் நிழலாக நாமே இருக்கலாம்.