வளையத்துக்குள் ஒரு விருந்தாளி

ஆபரேஷன் முடிந்துவிட்டது. தையலும் போட்டாயிற்று. நோயாளிக்கு மெல்ல நினைவு திரும்புகிறது. "கண்ணைத் திறங்க" என்று டாக்டர் சொல்வது காதில் விழுகிறது. ஆனால் இமை அசைய மறுக்கிறது. மூச்சை இழுக்க நெஞ்சில் வலு இல்லை. நினைத்தாலே பயமாக இருக்கிறது, இல்லையா? தசைகளைத் தளர்த்துவதற்காகக் கொடுத்த மருந்தின் வேலை முழுதாக ஓயாவிட்டால் இப்படி நடக்கலாம். இந்த ஆபத்திலிருந்து காப்பாற்ற ஒரு சர்க்கரை வளையம் இருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா?

முதலில் அந்தத் தளர்த்தும் மருந்தின் கதை. தென் அமெரிக்கப் பழங்குடிகள் வேட்டைக்குப் போகும்போது அம்பு நுனியில் க்யூராரே என்ற விஷத்தைத் தடவுவார்கள். அடிபட்ட மிருகத்தின் தசைகள் செயலிழந்து மூச்சு நின்றுவிடும். 1942-ல் கனடாவின் மான்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித் என்ற மயக்க மருந்து நிபுணர் அதே விஷத்தை அளவோடு கொடுத்து, ஆபரேஷனின்போது தசைகளைத் தளர்த்திக் காட்டினார். அந்த வழியில் பின்னால் வந்ததுதான் ரோகுரோனியம். ஆபரேஷன் முடியும்வரை நோயாளியின் மூச்சை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகிற ரசாயனம் அசிட்டைல்கோலின். அது உட்கார வேண்டிய இடத்தில் ரோகுரோனியம் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது மாதிரி! பல காலமாக இதற்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது நியோஸ்டிக்மின். அது துண்டை எடுத்துவிடாது. அசிட்டைல்கோலின் சிதையாமல் தடுத்து, கூட்டத்தைப் பெருக்கி, முண்டியடித்து இடம் பிடிக்க வைக்கும். அந்தக் கூட்டம் இதயத் துடிப்பையும் குறைத்துவிடும் என்பதால் கூடவே இன்னொரு மருந்தும் போட வேண்டும். தளர்ச்சி ஆழமாக இருந்தாலோ நியோஸ்டிக்மின் கைகொடுக்காது.

இனி வளையத்துக்கு வருவோம். 1891-ல் வில்லியர்ஸ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி மாவுச்சத்திலிருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் சைக்ளோடெக்ஸ்ட்ரின். 6, 7 அல்லது 8 குளுக்கோஸ்கள் கைகோத்து நிற்கும் வட்டம் அது. பார்க்க அடியில்லாத சின்ன வாளி போல இருக்கும். வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டும்; உள்பக்கம் ஒட்டாது. அதனால் தண்ணீரில் கரையாத மருந்துகள் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வளையம் விருந்து கொடுக்கும் வீடு, மருந்து விருந்தாளி. இப்படிப்பட்ட மூலக்கூறுகளை ஆராய்ந்த பெடர்சன், கிராம், லென் மூவருக்கும் 1987-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2020-ல் கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்த ரெம்டெசிவிர் ஊசி மருந்தைக் கரைக்கவும் இந்த வகை வளையம்தான் உதவியது.

ஸ்காட்லாந்தின் நியூஹவுஸில் இருந்த ஆர்கனான் நிறுவன ஆய்வகத்தில் ஆன்டன் பாம் என்ற விஞ்ஞானியும் ரோகுரோனியத்தைக் கரைக்கத்தான் வளையம் தேடினார். அப்போது அவருக்கு ஒரு யோசனை. சோதனைக் குழாயில் மருந்தைப் பிடித்துக்கொள்கிற வளையம், ரத்தத்திலும் பிடிக்காதா?

8 குளுக்கோஸ் வளையம் அகலத்துக்குச் சரி, ஆழம்தான் போதவில்லை. எனவே அதன் விளிம்பில் 8 கைகளை ஒட்டவைத்து நீட்டினார்கள். ரோகுரோனியத்தில் நேர்மின்னேற்றம் இருப்பதால் கைகளின் நுனியில் எதிர்மின்னேற்றம் வைத்தார்கள். பிறந்தது சுகமாடெக்ஸ்! 2002-ல் இந்த ஆய்வு வெளியானது.

வேலை செய்யும் விதம் கணக்குப் புத்தகம் போலத்தான். ஒரு வளையத்துக்கு ஒரு ரோகுரோனியம். ரத்தத்தில் திரிகிற மருந்தை வளையங்கள் பிடிக்கப் பிடிக்க, தசையில் இருப்பதும் இறங்கி ரத்தத்துக்கு வருகிறது. அதையும் பிடித்து, சிறுநீர் வழியே வெளியேற்றிவிடுகிறது. நரம்பையோ தசையையோ வளையம் தொடுவதே இல்லை.

ஐரோப்பா 2008-ல் அனுமதித்தது. அமெரிக்காவோ அதே ஆண்டு ஒவ்வாமை பற்றிய கவலையால் மறுத்து, 2015 டிசம்பரில்தான் சம்மதித்தது. கவலையில் நியாயம் உண்டு. அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. கர்ப்பத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனையும் வளையம் பிடித்துக்கொள்ளலாம் என்பதால், அதைச் சாப்பிடும் பெண்கள் அடுத்த 7 நாள் வேறு தடுப்பு முறையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வடிவம் பொருந்தாத சிஸ்அட்ராகூரியம் போன்ற தளர்த்தும் மருந்துகளிடம் வளையத்தின் ஜம்பம் சாயாது.

இன்னொரு வேடிக்கை. ரோகுரோனியத்தைக் கொண்டுவந்ததும் அதே ஆர்கனான்தான். தான் விற்ற பூட்டுக்குத் தானே சாவியும் செய்த நிறுவனம்! ஆனால் அமெரிக்கா அனுமதி கொடுப்பதற்குள் அந்த நிறுவனம் 2 முறை கை மாறி மெர்க்கிடம் போயிருந்தது.

எந்த மருந்தும் உடம்புக்குள் போய் ஏதாவது ஒன்றைத் தூண்டும் அல்லது அடக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்த வளையம் இரண்டும் செய்வதில்லை. நடுவில் கொஞ்சம் காலி இடம் வைத்துக்கொண்டு, வேலை முடிந்த விருந்தாளியை உட்காரவைத்து வெளியே அழைத்துப் போகிறது. அவ்வளவுதான். அந்தக் காலி இடத்தால்தான் ஒரு நோயாளி தானாகவே அடுத்த மூச்சை இழுக்கிறார்.