ஆர்ன்ஹெம் பாலம் வரை நடந்து பார்த்தபோது

நெதர்லாந்தில் ஹேல்சம் என்ற சிற்றூரைத் தாண்டி வடக்கே போனால் வயல்வெளி விரிகிறது. சுற்றிலும் உயர்ந்த மரங்கள். 1944 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பிரிட்டிஷ் முதலாம் பாராசூட் பிரிகேட் வந்து இறங்கிய நிலம் இது. அவர்கள் பிடிக்க வேண்டிய ஆர்ன்ஹெம் சாலைப் பாலம் இங்கிருந்து சுமார் 13 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. அந்தத் தூரத்தைக் காலால் அளந்து பார்ப்பதற்காகவே இங்கே வந்தேன். இந்தச் சண்டையை வைத்து ரிச்சர்ட் அட்டன்பரோ 1977இல் எடுத்த ‘எ பிரிட்ஜ் டூ ஃபார்’ படத்தைப் பலமுறை பார்த்தவன் நான். அது எவ்வளவு உண்மை என்பதற்கு இந்தச் சாலையே சாட்சி சொல்லட்டும் என்று நினைத்தேன்.

போர்ப்படம் சரியா தவறா என்ற விவாதம் பெரும்பாலும் டாங்கியின் வடிவத்திலும் சீருடைப் பொத்தானிலும் போய் நின்றுவிடும். அந்தக் கணக்கில் இந்தப் படத்துக்குச் சில மதிப்பெண்கள் குறையும். ஜெர்மன் பாந்தர் டாங்கிகளாக வருபவை போருக்குப் பின் தயாரான லெப்பர்ட் டாங்கிகள். வரிசையாகப் போகும் ஷெர்மன் டாங்கிகளில் பல, வண்டிகளின் மேல் பொருத்திய பிளாஸ்டிக் கூடுகள். ஆனால் வானிலிருந்து குதிக்கும் காட்சியை யாரும் குறை சொல்ல முடியாது. உலகின் பல மூலைகளிலிருந்து டகோட்டா விமானங்களைத் தேடிச் சேர்த்து, நூற்றுக்கணக்கான நிஜ பாராசூட் வீரர்களை அவற்றிலிருந்து குதிக்க வைத்துப் படமாக்கினார்கள். கணினி வரைகலை வராத காலம் அது. திரையில் தெரியும் ஒவ்வொரு குடைக்கும் கீழே ஒரு மனிதன் தொங்குகிறான்.

இந்த வயலில் நின்றால் அந்தக் காட்சி எவ்வளவு சரி என்பது புரிகிறது. இறங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தட்டையான நிலம், உறுதியான மண். அன்று இறங்கியவர்களில் அடிபட்டவர்கள் மிகச் சிலரே. தொல்லை எல்லாம் தரையில் கால் பட்ட பிறகுதான் தொடங்கியது.

ஆற்றோரச் சாலையில்

லெப்டினன்ட் கர்னல் ஜான் ஃப்ராஸ்டின் இரண்டாவது பட்டாலியன் போன வழியைப் பிடித்தேன். ஹேல்சத்திலிருந்து ரைன் ஆற்றை ஒட்டிய கீழ்ச் சாலை அது. ஒருபுறம் மரங்கள் அடர்ந்த மேடு, மறுபுறம் ஆற்றுப் படுகை. ஓஸ்டர்பேக் ஊருக்குள் நுழைந்ததும் பெரிய தோட்டங்களோடு கூடிய வீடுகள், உயிர்வேலிகள், கம்பி வேலிகள். பத்தடி தள்ளி யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பல இடங்களில் தெரியாது.

ரேடியோக்களில் தவறான அலைவரிசைப் படிகங்கள் பொருத்தப்பட்டிருந்தன, அதனால்தான் தொடர்பு அறுந்தது என்ற எண்ணத்தைப் படம் கொடுக்கிறது. காரணம் அவ்வளவு எளிதானதல்ல. வீரர்கள் சுமந்து வந்த ரேடியோக்கள் சக்தி குறைந்தவை. மரமும் கட்டடமும் நிறைந்த இத்தகைய ஊருக்குள் அவற்றின் வீச்சு மேலும் சுருங்கிவிடும். படைப்பிரிவோ பல கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடந்தது. யாரோ ஒருவர் தவறான உதிரிப் பாகத்தை அனுப்பிவிட்டார் என்பது திரைக்கு வசதியான விளக்கம். காட்டுக்கும் ஊருக்கும் பொருந்தாத கருவியோடு ஒரு டிவிஷனையே அனுப்பினார்கள் என்பது அதைவிடப் பெரிய குற்றம். இந்த வேலிகளுக்கு நடுவே நடக்கும்போது அது கண்ணெதிரே தெரிகிறது.

ஊரின் கிழக்கே ரயில் பாலம் வருகிறது. ஃப்ராஸ்டின் ஆட்கள் ஏறத் தொடங்கியபோதே ஜெர்மானியர்கள் தகர்த்த பாலத்தின் இடம் இதுதான். அதன் பாதையைக் கடந்து மேலும் நடந்தால்தான் ஆர்ன்ஹெம் நகரம். வழியெங்கும் டச்சு மக்கள் பாலும் பழமும் பூவுமாக வந்து வீரர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். நடுநடுவே துப்பாக்கிச் சண்டை. பிற்பகல் இரண்டு மணிவாக்கில் இறங்கியவர்கள் பாலத்தை அடைந்தது இரவு எட்டு மணிவாக்கில். மற்ற இரண்டு பட்டாலியன்களை ஜெர்மானியர்கள் வழியிலேயே மடக்கிவிட்டார்கள்.

படத்தில் இந்தத் தூரம் பேச்சில் வருகிறது. எட்டு மைல் என்று சொல்லிக் கவலைப்படுகிறார்கள். ஆனால் படத்தொகுப்பில் அது சில நொடிகளில் முடிந்துபோகிறது. என் தோளில் ஒரு சிறிய பை மட்டும்தான். என்னைச் சுட யாரும் இல்லை. அப்படியும் பாதி வழியிலேயே கால் கனத்தது. ஆர்ன்ஹெம் தோல்வியின் முதல் காரணம் இந்தச் சாலையின் நீளம்தான். பாலத்துக்குத் தெற்கே உள்ள நிலம் சதுப்பு, விமான எதிர்ப்பு பீரங்கிகள் இருக்கின்றன என்று சொல்லி, இவ்வளவு தள்ளி இறக்கினார்கள். அதோடு, எல்லோரையும் ஒரே நாளில் கொண்டுவர விமானம் போதவில்லை. இரண்டாம் நாள் வரப்போகிறவர்களுக்காக இறங்குநிலங்களைக் காக்கவே முதல் நாள் வந்தவர்களில் ஒரு பகுதியினர் பின்தங்க வேண்டியதாயிற்று. திரையில் நமக்குத் தெரிவது ஜெர்மன் டாங்கிகள் வந்ததால் ஏற்பட்ட தோல்வி. தரையில் தெரிவது, டாங்கிகள் வருமுன்பே பாதி தோற்றுவிட்ட திட்டம்.

ஓஸ்டர்பேக் வீடுகள்

டிவிஷன் தளபதி ஜெனரல் ராய் அர்குஹார்ட் தலைமையகம் அமைத்திருந்த ஹார்டன்ஸ்டைன் ஓட்டல் இப்போது அருங்காட்சியகம். அங்கே கண்ணாடிக்குள் சுவர்க்காகிதத் துண்டு ஒன்று இருக்கிறது. பாலத்தை அடைய முடியாமல் ஓஸ்டர்பேக்கில் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் வீரர்கள், அருகிலிருந்த வீடொன்றில் அதில் கிறுக்கியிருக்கிறார்கள். சரணடைய மாட்டோம் என்று ஒரு வரி, எதிரியைத் திட்டி ஒரு வசை, அதோடு சுட்டு வீழ்த்தியவர்களின் கணக்கு. பூப்போட்ட காகிதத்தில் பென்சில் கோடுகள். யாரோ ஒரு குடும்பத்தின் வரவேற்பறைச் சுவர் அது. ஆயிரம் பேர் ஓடும் எந்தச் சண்டைக் காட்சியும், இந்தப் போர் வீடுகளுக்குள்ளே நடந்தது என்பதை இவ்வளவு நெருக்கமாக எனக்குச் சொன்னதில்லை.

கீழ்ச் சாலையில் பழைய தேவாலயத்தை ஒட்டி கேட் டெர் ஹோர்ஸ்டின் வீடு. ஐந்து குழந்தைகளின் தாய். அவர் வீடு காயம்பட்டவர்களால் நிரம்பி வழிந்தது. இறந்த 57 பேரை அவர் தோட்டத்திலேயே புதைத்தார்கள். இரவில் விளக்கோடு நடந்து, கிடந்தவர்களுக்கு விவிலியத்திலிருந்து சங்கீதம் வாசித்தார். 1977 படத்தில் இவராக நடித்தவர் லிவ் உல்மன். ஆனால் அதற்கு முன்பே, 1946இல் வெளியான ‘தெர்ஸ் இஸ் த குளோரி’ என்ற படத்தில் கேட் தன் வேடத்தில் தானே வந்தார்.

அந்த 1946 படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் இயக்கியது. சண்டைக்குப் பின் ஜெர்மானியர்கள் ஊர் மக்கள் அனைவரையும் வெளியேற்றியிருந்தார்கள். 1945இல் படக்குழு வந்தபோதும் ஓஸ்டர்பேக்கும் ஆர்ன்ஹெமும் இடிபாடாகவே கிடந்தன. அந்த இடிபாடுகளுக்கு நடுவே, அங்கே போரிட்டுப் பிழைத்த இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்களையே வைத்துப் படமெடுத்தார்கள். தொழில்முறை நடிகர்கள் கிடையாது. இடம் நிஜம், ஆட்கள் நிஜம், ஆயுதம் நிஜம். இதற்கு மேல் துல்லியம் கேட்க முடியாது. ஆனாலும் அந்தப் படம் திட்டம் போட்டவர்களை நோக்கி ஒரு கேள்வியும் எழுப்பவில்லை. போர் முடிந்த சூட்டில் ராணுவத்தின் ஒத்துழைப்போடு எடுத்த படம் அப்படித்தான் இருக்க முடியும். கண்ணில் படுவதெல்லாம் உண்மையாக இருந்தும், ஏன் செத்தார்கள் என்ற உண்மை விடுபட்டுப்போகலாம் என்பதற்கு அதுவே சான்று.

இரண்டு ஊரில் ஒரு பாலம்

ஆர்ன்ஹெம் பாலம் இன்று ஜான் ஃப்ராஸ்ட் பெயரைத் தாங்கி நிற்கிறது. அன்றிருந்த பாலத்தை 1944 அக்டோபரில் நேசநாட்டு விமானங்களே குண்டு போட்டு உடைத்தன. இது போருக்குப் பின் அதே இடத்தில் எழுந்தது. வடக்கு முனையில் அன்றிருந்த வீடுகள் எதுவும் மிஞ்சவில்லை. எல்லாம் புதிய கட்டடங்கள். அதனால்தான் அட்டன்பரோ வடக்கே டெவன்டர் ஊருக்குப் போய், ஐசல் ஆற்றின் மேலுள்ள வில்ஹெல்மினா பாலத்தில் படமெடுத்தார். அங்கும் போய்ப் பார்த்தேன். பழைய வீடுகளுக்கு நடுவே எழும் பாலம், படத்தில் பார்த்தது போலவே இருக்கிறது. இந்த மாற்றத்தில் எனக்குக் குறையே தோன்றவில்லை. உண்மையான இடத்தில் எடுத்திருந்தால்தான் அது பொய்யாகத் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 18 காலையில் ஜெர்மன் அதிகாரி விக்டர் கிரேப்னரின் கவச வண்டிகள் தெற்கிலிருந்து பாலத்தின் மேல் பாய்ந்து வந்து அழிந்ததைப் படம் நன்றாகவே காட்டுகிறது. பாலத்தருகே சேர்ந்த சுமார் 740 பேர், பத்தாயிரம் பேர் இரண்டு நாள் காக்க வேண்டிய இடத்தை மூன்று நாளுக்கும் மேல் பிடித்து வைத்திருந்தார்கள். படப்பிடிப்பின்போது ஃப்ராஸ்டே ஆலோசகராக வந்திருந்தார். தன் வேடத்தில் நடித்த ஆந்தனி ஹாப்கின்ஸ் வீட்டுக்கு வீடு ஓடுவதைப் பார்த்து, அவ்வளவு வேகம் கூடாது, அதிகாரி ஆபத்தை மதிக்காதவனாகத் தெரிய வேண்டும் என்று அவர் திருத்தியதாகத் திரைக்கதை எழுதிய வில்லியம் கோல்ட்மன் பதிவு செய்திருக்கிறார். நேரில் நின்றவரால் மட்டும் சொல்லக்கூடிய திருத்தம் அது.

அதே பாலத்தில் ஒரு பெரிய பிழையும் நடந்தது. படத்தில் குடை பிடித்துக்கொண்டே சண்டையிடும் மேஜர் ஒருவர் வருவார், கடைசியில் இறந்துவிடுவார். குடை நிஜம். டிக்பி டேத்தம் வார்ட்டர் என்ற அதிகாரி அதைக் கையில் வைத்திருந்தார். அவர் பிடிபட்டுத் தப்பினார். டச்சு மக்களின் உதவியோடு, ஒளிந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஆற்றைக் கடத்திக் கொண்டுவந்தார். 1993 வரை வாழ்ந்தார். படம் பெயரை மாற்றிக்கொண்டது என்பது சரி. ஆனால் குடையை வைத்துக்கொண்டு, அதைவிடத் துணிச்சலான அந்தத் தப்பித்தலை விட்டுவிட்டது.

யார்மேல் பழி

தெற்கே நைமேகனில் வால் ஆற்றங்கரை. செப்டம்பர் 20 பிற்பகலில், பட்டப்பகலில், அமெரிக்க 504ஆவது பாராசூட் ரெஜிமென்ட் வீரர்கள் துணிப் படகுகளில் இந்த அகன்ற ஆற்றைக் கடந்தார்கள். துடுப்பு கிடைக்காதவர்கள் துப்பாக்கிக் கட்டையால் தண்ணீரைத் தள்ளினார்கள். அவர்கள் கடந்த இடத்தில் 2013இல் ஒரு புதிய பாலம் திறக்கப்பட்டது. அங்கே இறந்த 48 பேருக்காக 48 ஜோடி விளக்குகள், அந்தி நேரத்தில் நடைவேகத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றாக எரிகின்றன. விளக்குகளோடு ஒரு முன்னாள் வீரர் நடந்து பாலத்தைக் கடக்கிறார்.

படம் ஆற்றைக் கடந்த வீரத்தை அப்படியே தருகிறது. பிறகு, தரைவழியே ஆர்ன்ஹெமை நோக்கி வந்த பிரிட்டிஷ் டாங்கிகள் நின்றுவிட, அமெரிக்கர்கள் கொதிக்கிறார்கள். பார்ப்பவர்கள் அதை மெத்தனம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் முதலில் நைமேகன் பாலத்தைக் கடந்தவை நாலு டாங்கிகள், இருட்டிக்கொண்டிருந்தது, காலாட்படை இன்னும் நகரத்துக்குள் சண்டையில் இருந்தது. அந்த மாலையிலேயே ஆர்ன்ஹெம் பாலத்தில் ஃப்ராஸ்டின் ஆட்களின் எதிர்ப்பு ஓய்ந்துகொண்டிருந்தது. ஒருவரின் சோம்பல்மேல் பழி போட்டால் கதை முடிந்துவிடும். உண்மை அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

கடைசியாக ரைனுக்குத் தென்கரையில் டிரீல் கிராமம். ஜெனரல் ஸ்டானிஸ்லாவ் சோசபோவ்ஸ்கியின் போலந்து பாராசூட் பிரிகேட் செப்டம்பர் 21 அன்று இறங்கிய இடம். திட்டம் தவறு என்று ஆரம்பத்திலேயே சொன்னவர் அவர். தோல்விக்குப் பின் மேலதிகாரி பிரெடெரிக் பிரவுனிங் எழுதிய புகார்க் கடிதத்தால் பதவி போனது. போருக்குப் பின் லண்டனில் தொழிற்சாலை வேலை பார்த்து, 1967இல் இறந்தார். பத்தாண்டுக்குப் பின் வந்த படத்தில் ஜீன் ஹாக்மன் வடிவில், எல்லோரும் தலையாட்டும் இடத்தில் கேள்வி கேட்கும் மனிதராக அவர் நின்றார். 2006இல்தான் டச்சு அரசு அவருக்கும் அவர் பிரிகேடுக்கும் விருது அளித்தது. அரசுகளுக்கு முன்பே ஒரு படம் நியாயம் செய்துவிட்டது.

அதே படம்தான் பிரவுனிங்மேல் சுமையை ஏற்றியது. அவர் 1965இலேயே இறந்துவிட்டார். மனைவி, நாவலாசிரியை டாஃப்னி டு மோரியே உயிரோடிருந்து, அந்தச் சித்திரிப்பைக் கண்டு கொதித்தார். பிரவுனிங் பொறுப்பில்லாதவர் அல்ல. ஆனால் விமானத் திட்டம் போட்டவர்கள், தளபதிகள், மேலிடம் எனப் பலரும் பங்கிட வேண்டிய குற்றத்தைத் திரை ஒரு முகத்தில் குவித்தது.

லெப்பர்ட் டாங்கியை மன்னித்துவிடலாம். டெவன்டர் பாலத்தைப் பாராட்டலாம். பழியை யார்மேல் வைக்கிறோம் என்பதில் மட்டும் படைப்பாளிக்குச் சலுகை கிடையாது. பெரும்பாலானவர்கள் புத்தகம் படிக்கப் போவதில்லை. படத்தில் கண்ட முகமே இறந்தவரின் முகமாக நிலைத்துவிடும். அடுத்து பாராசூட் வீரர்களைப் பற்றிப் படமெடுப்பவர் ஆடை ஆலோசகரைத் தேடுமுன், ஒருமுறை இறங்குநிலத்திலிருந்து பாலம் வரை நடந்து பார்க்கட்டும். கேட்க வேண்டிய கேள்விகள் அந்த வழியிலேயே எழும்.