காபரேட்டருக்குள் 2022

2022இல் நின்ற வாகனங்கள் எல்லாம் திரும்ப ஓடத் தொடங்கிவிட்டன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண்டியில் பஸ் ஏறி, பேராதனைக் கம்பஸைத் தாண்டி, ஹிந்தகல வழியாகக் கலஹாவுக்குப் போகும்போது ஜன்னல் சீட் கிடைத்தால் பார்த்துக்கொண்டே வாருங்கள். வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், கிழிந்த தறப்பாளுக்குக் கீழே ஏதாவது ஒரு ஓட்டோவின் மூக்கு தெரியும்.

நாங்கள் எழுப்பப் போனது அப்படி ஒன்றைத்தான். பேட்ச் நண்பனின் பெரியப்பாவுடையது. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் நின்றது. பழைய டூ ஸ்ட்ரோக் பஜாஜ். இந்த வகை ஓட்டோக்களை இறக்குமதி செய்வது 2008இல் தடைசெய்யப்பட்டது, அதனால் அதுக்கும் எங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு.

2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீட்டர் 470 ரூபாய்க்குப் போனது ஞாபகம் இருக்கும். அடுத்த மாதம் கியூஆர் வந்தது. முச்சக்கரவண்டிக்குக் கிழமைக்கு 5 லீட்டர். மலை ரோட்டில் டூ ஸ்ட்ரோக் குடிக்கிற குடிக்கு, கண்டிக்கு இரண்டு தடவை போய்வந்தால் அது முடிந்துவிடும். அந்த 5 லீட்டருக்கும் வரிசையில் நிற்க வேண்டும். பெரியப்பா வண்டியை நிறுத்திவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போனார். 2023 செப்டெம்பரில் கியூஆரையும் எடுத்துவிட்டார்கள். வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

லயத்தில் ஒரு ஓட்டோ நிற்பது என்பது ஹயருக்கு மட்டுமில்லை. ராத்திரியில் யாருக்காவது இழுப்பு வந்தால், வயிற்றுவலி வந்தால் அதில்தான் ஏற்றுவார்கள். அது நின்ற பிறகு டவுனுக்குக் கோல் எடுக்க வேண்டும். "ரோடு மோசம், மேல வரமாட்டேன்" என்று பாதிப்பேர் சொல்லிவிடுவார்கள். பழைய இரும்புக்காரர் ஒருத்தர் வந்து 30 ஆயிரம் தருவதாகச் சொல்லியிருந்தார். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது, புது ஓட்டோ 15 லட்சத்தைத் தாண்டிப் போய்விட்டது. 30 ஆயிரத்தை வாங்கினால், இனி அந்த லயத்துக்கு ஓட்டோ இல்லை.

யூடியூபில் தேடப் போனால், வெள்ளைக்காரர்கள் ஷெட்டில் கிடந்த கிட் கார்களை எழுப்புகிற வீடியோக்களும் வந்தன. பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டுகிற கார். 1957இல் வந்த லோட்டஸ் செவன் இதில் பேர்போனது. சிலர் அந்த மாதிரிக் காருக்குள் மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைக்கிறார்கள். பார்த்ததும் சிரித்துவிட்டோம். ஓட்டோவின் பிறப்பும் கிட்டத்தட்ட அதுதான். 1946இல் வெஸ்பா ஸ்கூட்டரைச் செய்த பியாஜியோ, 1948இல் அதன் பின்பக்கம் இரண்டு சக்கரமும் பெட்டியும் வைத்து 'அப்பே' என்று விற்றது. எங்கள் ரோட்டில் ஓடுகிற பஜாஜ் அந்த வம்சம். வீடியோக்காரர்களின் முதல் புத்திமதியும் எங்களுக்கு அப்படியே பொருந்தியது: பழைய எண்ணெயை இறக்காமல் ஸ்டார்ட் பண்ணாதே.

முதல் சனிக்கிழமை டாங்கியைத் திறந்தோம். பெற்றோல் வாசம் இல்லை, பழைய வார்னிஷ் வாசம். டூ ஸ்ட்ரோக்கில் பெற்றோலோடு ஒயிலும் கலந்துதான் ஊற்றுவது, 5 லீட்டருக்கு 100 மில்லி. வண்டி நிற்க நிற்கப் பெற்றோல் ஆவியாகிவிடும், ஒயில் பிசினாக அடியில் தங்கிவிடும். ஸ்டார்ட் லீவரை இழுத்தால் அசையவில்லை, பிஸ்டன் பிடித்துப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் டூடீ ஒயிலும் ஊற்றி ஒரு கிழமை விட்டோம்.

பெரியப்பா வெளியே வரவே இல்லை. உள்ளே ரேடியோ போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை நாலாம் கியரில் போட்டு, நாலு பேர் முன்னும் பின்னுமாக ஆட்டினோம். பத்து நிமிஷத்துக்குப் பிறகு 'டக்' என்று விட்டது. நெருப்பு வரவில்லை. மலை ஈரத்தில் பொயின்ட் பச்சை பிடித்துக் கிடந்தது. எமரித்தாளால் தேய்த்து, பிளக்கை ஹெட்டில் வைத்து லீவரை இழுக்க, நீலமாக ஒரு பொறி. அன்றைக்கு அதற்கே கைதட்டினோம்.

காபரேட்டரை ஒரு டப்பாவில் போட்டுக் கலஹாவில் இருக்கிற பாஸ் உன்னெஹேயிடம் கொண்டுபோனோம். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தார். ஊசிக் காதைவிடச் சின்ன ஓட்டை, வெளிச்சமே வரவில்லை. "கம்பி போட வேணாம் மல்லி. ஓட்டை பெருசானா ஜெட் போச்சு" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, பெற்றோலில் ஊறப்போட்டு, கம்பிரஸரில் காற்றடித்துத் தந்தார்.

மூன்றாவது சனிக்கிழமை ஆறாவது இழுவையில் பிடித்தது. அந்தச் சத்தத்துக்கு லயமே வாசலுக்கு வந்தது. ஆனால் கையை விட்ட பிறகும் ரேஸ் குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் பெரியப்பா உள்ளேயிருந்து ஓடிவந்து, காற்று போகிற வாயைத் துணியால் அடைத்து நிறுத்தினார். "மேக்னட் பக்கத்து சீல் காஞ்சிருச்சு. கள்ளக் காத்து இழுக்குது" என்றார். மூன்று கிழமை ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த மனுஷன், அன்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இருட்டும்வரை வண்டிக்குக் கீழேதான் கிடந்தார். பாஸிடம் புல்லர் வாங்கி மேக்னட்டை இழுத்து, சீல் மாற்றியது அவர்தான். எங்கள் வேலை டோர்ச் பிடித்தது.

திரும்ப எடுத்தபோது நீலப் புகை லயம் முழுக்கப் பரவியது. கொஞ்ச நேரத்தில் சத்தம் ஒரு சீருக்கு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா கேட்டார், "இனி ராத்திரில கூப்பிடலாமா அண்ணே?" பெரியப்பா உடனே பதில் சொல்லவில்லை. "பிரேக் சரியாகட்டும்" என்றார். அந்த இறக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அது சாட்டு இல்லை என்று தெரியும். பின்சக்கர சிலிண்டர் இரண்டும் துருப்பிடித்திருந்தன. பஞ்சிகாவத்தையில் வாங்கிவரக் கொழும்புக்குப் போகிற நண்பனிடம் சொல்லியிருக்கிறோம்.

எஞ்சினுக்கு எங்களிடமிருந்து மொத்தமாகப் போனது சில ஆயிரம்தான். பயமுறுத்துவது கடதாசிகள். காப்புறுதி முடிந்து மூன்று வருஷம். வருமான அனுமதிப்பத்திரத்தின் நிலுவை இருக்கிறது. அதை எடுக்கப் புகைச் சான்றிதழ் வேண்டும். கம்பஸில் 'வாழ்வாதாரம்' என்று பக்கம் பக்கமாக அசைன்மென்ட் எழுதுகிறோம், அந்தச் சொல்லுக்குள் ஒரு புகைச் சோதனையும் இருக்கிறது என்பது லயத்து வாசலில்தான் தெரிந்தது.

இரும்புக்காரர் போன கிழமை திரும்ப வந்தாராம். 35 ஆயிரம் என்றாராம். பெரியப்பா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, "ஒருக்கா செக் பண்ணிட்டுப் பாப்போம்" என்று அனுப்பியிருக்கிறார். இப்போதைக்குத் தினமும் காலையில் ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓடவிடுகிறார். புகை குறைகிறதா என்று நண்பனுக்கு வீடியோ எடுத்து அனுப்புகிறார்.