மஞ்சள் சுவரின் முதல் சனிக்கிழமை

2023 மே 27 அன்று ஜெர்மனியின் டோர்ட்முண்ட் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் அழுததை டி.வி.யில் பார்த்தவன் நான். சரியாகப் பன்னிரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 19 சனிக்கிழமை, அதே மைதானத்தில் அவர்களுடைய புது சீசனின் முதல் ஆட்டம். கோப்பை வாங்கும் நாளைப் பார்க்கத்தான் எல்லோரும் டிக்கெட் தேடுவார்கள். எனக்கோ, தோற்றவர்கள் திரும்பி வரும் நாளைப் பார்க்க ஆசை. கிளம்பிவிட்டேன்.

மே மாதம் நடந்ததைச் சொன்னால்தான் இது புரியும். கடைசி ஆட்டத்தில் மைன்ஸை ஜெயித்தால் போதும், 2012-க்குப் பிறகு டோர்ட்முண்ட் மறுபடி ஜெர்மன் சாம்பியன். ஊரே மாலையைக் கட்டி வைத்துக் காத்திருந்தது. மைன்ஸ் 24 நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டது. நடுவில் கிடைத்த பெனால்டியை டோர்ட்முண்டின் ஹாலர் கோட்டைவிட்டார். முட்டி மோதிக் கடைசி நிமிடத்தில் 2-2 ஆக்கினார்கள், போதவில்லை. அதே நேரத்தில் கொலோனில் 89-ஆவது நிமிடத்தில் முசியாலா அடித்த கோலால் பயர்ன் மியூனிக் ஜெயித்தது. இரண்டு அணிக்கும் 71 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் பயர்ன் தொடர்ந்து 11-ஆவது முறை சாம்பியன். பயிற்சியாளர் எடின் டெர்சிச், தான் ஒரு காலத்தில் ரசிகனாக நின்ற தெற்கு ஸ்டாண்டின் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அந்த ஸ்டாண்ட் கலைந்து போகாமல் பாடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இங்கே போயே தீர வேண்டும் என்று தோன்றியது.

டோர்ட்முண்ட் அழகான ஊர் இல்லை. போர்க் குண்டுகளில் பெரும்பகுதி நொறுங்கி, அவசரமாகக் கட்டி எழுப்பப்பட்ட ரூர் பகுதி நகரம். நிலக்கரி, இரும்பு, பீர் மூன்றும்தான் இதன் பிழைப்பாக இருந்தது. முதல் இரண்டும் போய்விட்டன. ஹோர்டே பகுதியிலிருந்த ஃபீனிக்ஸ் இரும்பாலை 2001-இல் மூடப்பட்டது. சீனாவிலிருந்து தொழிலாளர்கள் வந்து ஆலையைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலேற்றிக் கொண்டு போனார்கள். ஆலை இருந்த பள்ளத்தில் இப்போது ஏரி. பாய்மரப் படகுகள் ஓடுகின்றன. கரையில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் இங்கே இரும்பு உருகி ஓடியது என்று நம்பவே முடியவில்லை.

கிளப் பிறந்த இடம் வடக்கே, போர்சிக்பிளாட்ஸ் ரவுண்டானா பக்கம். கிறிஸ்தவ இளைஞர் சங்கத்துப் பையன்கள் பந்து விளையாடுவது சர்ச் பாதிரியாருக்குப் பிடிக்கவில்லை. கோபித்துக்கொண்டு போன பையன்கள் 1909 டிசம்பர் 19 அன்று ஒரு மதுக்கடை மாடியில் கூடி, பக்கத்து பீர் ஆலையின் பெயரான பொருசியாவையே கிளப்புக்கு வைத்தார்கள். இன்று அந்தத் தெருக்களில் துருக்கியக் கடைகள், கபாப் வாசனை, பால்கனிக்குப் பால்கனி மஞ்சள் கறுப்புக் கொடி.

சீசனின் முதல் ஆட்டம் வெள்ளிக்கிழமை இரவே பிரெமனில் தொடங்கிவிட்டது. பயர்னுக்குப் புதிதாக வந்த ஹாரி கேனைப் பார்க்க டோர்ட்முண்ட் மதுக்கடைகளிலும் கூட்டம், ரசிக்க அல்ல, சபிக்க. நான்காவது நிமிடத்திலேயே கேன் தள்ளிக் கொடுத்த பந்தை சானே கோலாக்கினார். முடிவு 4-0; கேனும் ஒன்று போட்டார். கடையில் ஒருவர் டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கடைசி வரை திரும்பவே இல்லை. அப்படியானால் வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று கேட்க வாய் வரை வந்தது. ஆள் பெரியவராக இருந்ததால் கேட்கவில்லை.

அதே பிரெமன் மைதானத்தில்தான் ஜெர்மன் லீகான புண்டஸ்லீகாவின் முதல் கோலும் விழுந்தது. 1963 ஆகஸ்ட் 24, மாலை ஐந்து மணி. பதினாறு கிளப்புகள், எட்டு ஆட்டங்கள், எல்லாம் ஒரே நேரத்தில். ஒரு நிமிடம் ஆவதற்குள் டோர்ட்முண்டின் டிமோ கோனியட்ஸ்கா அடித்துவிட்டார். சுரங்கத்தில் வேலை பார்த்த ஆள். அந்தக் கோலுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. எந்த கேமராவிலும் அது பதிவாகவில்லை. அவ்வளவு சீக்கிரம் கோல் அடித்தும் டோர்ட்முண்ட் அன்று 3-2 என்று தோற்றது என்பது வேறு விஷயம். முதல் நாளில் நடப்பதை நம்பக் கூடாது என்பதற்கு இந்த ஊர்க்காரர்களிடம் பழைய சாட்சியே இருக்கிறது.

சனிக்கிழமை மதியம் க்ரோய்ட்ஸ்ஃபியர்டல் தெருக்கள் வழியாகக் கூட்டத்தோடு தெற்கே நடந்தேன். ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் அன்று ரயிலும் டிராமும் இலவசம். ஆனாலும் பாதி ஊர் நடந்துதான் போகிறது. பாட்டிலைக் கையில் வைத்தபடி தாத்தா, அப்பா, பேரன் மூவரும் ஒரே சட்டையில். பேரனின் முதுகில் மட்டும் பெல்லிங்ஹாம் பெயர். அந்தக் கோடையில்தான் அவர் டோர்ட்முண்டை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போயிருந்தார். பையன் அந்தப் பெயரை ஒட்டுப்போட்டு மறைக்கவும் இல்லை, புதுச் சட்டை வாங்கவும் இல்லை. காலி பாட்டில்களைப் பொறுக்குகிறவர்கள் தள்ளுவண்டியோடு பின்னாலேயே வந்தார்கள். பாட்டிலுக்கு டெபாசிட் காசு உண்டு என்பதால் தெருவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மைதானத்துக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் வைத்து வருடக்கணக்காகிறது. கேட்டால் எல்லோரும் வெஸ்ட்ஃபாலன்ஸ்டாடியோன் என்றுதான் வழி சொல்கிறார்கள். எனக்குக் கிடைத்தது மேற்கு ஸ்டாண்டில் இருக்கை. அது நல்லதாகப் போயிற்று. தெற்கு ஸ்டாண்டுக்குள் நின்றால் அதைப் பார்க்க முடியாதே!

மேல் படிகளில் 37 டிகிரி சரிவு. ஏறத்தாழ 25,000 பேர் நிற்கிறார்கள். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய நிற்கும் ஸ்டாண்ட் இது. மஞ்சள் சுவர் என்று படத்தில் பார்த்தபோது பட்டப்பெயர் என்று நினைத்திருந்தேன். நேரில் உண்மையிலேயே சுவர்தான். நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் கழுத்துத் துண்டுகளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து அவர்கள் பாடத் தொடங்கியதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை வீடியோ பார்த்திருந்தாலும் அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டில் அதிர்வது வீடியோவில் வராது.

அடுத்த இருக்கையில் எழுபதைத் தாண்டிய பெரியவர். இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஆங்கிலமும் என் ஜெர்மனும் ஒரே லட்சணம். மே மாதம் எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"வலிச்சது. அப்புறம் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிச்சேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்குத்தான் ஷால்கேவும் ரெண்டாம் டிவிஷனுக்கு இறங்கினாங்க" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்து ஊர்ப் பகையாளி அணி அது. கோப்பை போன நாளிலும் மனிதருக்கு ஒரு பிடி ஆறுதல் இருந்திருக்கிறது.

எதிரணி கொலோன். ஆட்டம், உள்ளதைச் சொன்னால், சுமார்தான். பாஸ்கள் கால்மாறிப் போயின. அதற்கெல்லாம் சுவர் பாட்டை நிறுத்தவில்லை. என் பக்கத்து இருக்கைக்காரர்கள்தான் திட்டினார்கள். 88-ஆவது நிமிடத்தில் டொன்யெல் மாலன் கோல் போட்டார். பீர் மழையாகப் பொழிந்தது. என் சட்டை நனைந்தது. பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு நடந்ததுதான் எனக்கு வேடிக்கை. அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் "பொருசியா டோர்ட்முண்ட்?" என்று கேட்க, எண்பதாயிரம் பேரும் "ஒன்று!" "கொலோன்?" "பூஜ்யம்!" கடைசியில் அவர் "டாங்கே" என்று நன்றி சொல்ல, மொத்தக் கூட்டமும் மரியாதையாக "பிட்டே" என்று பதில் சொல்கிறது. அவ்வளவு வெறிக்கு நடுவில் இப்படி ஒரு பண்பு!

இங்கே நிற்கும் டிக்கெட் அப்போது இருபது யூரோவுக்குள் கிடைத்தது. இங்கிலாந்தில் அதே தரத்து ஆட்டத்துக்கு அந்தக் காசை நீட்டினால் சிரிப்பார்கள். ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதி. பணக்காரர் ஒருவர் வந்து மொத்தமாக வாங்கிவிட முடியாது. அதற்காக இவர்கள் எல்லோரும் உத்தமர்கள் இல்லை. டோர்ட்முண்டே 2000-இல் பங்குச் சந்தைக்குப் போய், கண்டபடி செலவழித்து, 2005-இல் திவாலின் விளிம்புக்கு வந்து தப்பிய கிளப். அந்த நெருக்கடியில் இருபது லட்சம் யூரோ கைமாற்றாகக் கொடுத்தது யார் தெரியுமா? பயர்ன் மியூனிக். டோர்ட்முண்டில் இதை யாரிடமும் பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள்.

அந்த வார இறுதியில் ஊர் முழுக்க கேனைப் பற்றித்தான் பேச்சு. லெவர்குசன் லைப்சிக்கை 3-2 என்று ஜெயித்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் செய்தியின் கடைசி வரியாகத்தான் படித்தேன். அந்த லெவர்குசன்தான் சீசன் முடிவில் 34 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் சாம்பியன் ஆனது. பயர்ன் மூன்றாம் இடம். கொலோன் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. டோர்ட்முண்ட் லீகில் ஐந்தாவது. ஆனால் சாம்பியன்ஸ் லீகில் வெம்ப்ளி இறுதி ஆட்டம் வரை போய் ரியல் மாட்ரிட்டிடம் 0-2 என்று தோற்றது. ஜெயித்த அணியில் பெல்லிங்ஹாம் இருந்தார்.

போக நினைப்பவர்கள் ஆகஸ்ட்டிலேயே போங்கள். எந்த அணிக்கும் இன்னும் எதுவும் கெட்டுப்போகாத ஒரே வாரம் அதுதான். பெட்டியில் நீலச் சட்டை இருந்தால் மட்டும் ஓட்டல் அறையிலேயே விட்டுவிடுங்கள். அது ஷால்கேயின் நிறம்.