போட்டுக்கும் உண்டு சம்மர் லீவு!

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு, 'அடுத்து எங்கடா போறது?'ன்னு ஹாஸ்டல் மொட்டை மாடியில உட்கார்ந்து பட்ஜெட் போடுற பார்ட்டியா நீங்க? ஊட்டி, கொடைக்கானலைக் கொஞ்சம் தள்ளி வைங்க. சென்னையில இருந்தீங்கன்னா, பஸ் டிக்கெட் காசுல ஒரு ட்ரிப் சொல்றேன். நேரா ராயபுரம் தாண்டி காசிமேடு!

'அட, மீன் மார்க்கெட்தானே?'ன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில பார்க்குற காசிமேடு வேற, மே மாச காசிமேடு வேற. ஏல சத்தம் அடங்கி, சுத்தியல் சத்தம் கேட்கும். மீன் வாசனையை பெயின்ட் வாசனை ஓரங்கட்டியிருக்கும். கடல்ல இருக்க வேண்டிய விசைப்படகுகள் எல்லாம் கரையேறி, மரக்கட்டை முட்டுக்கொடுத்து வரிசையா நிக்கும். தண்ணிக்குள்ள மறைஞ்சிருக்கிற அடிப்பாகத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, 'அடேங்கப்பா... இவ்ளோ பெருசா!'ன்னு அண்ணாந்து நிப்பீங்க.

காரணம், மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யுற சீஸன்ங்கிறதால, ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், கிழக்குக் கடற்கரையில விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001-ல தமிழ்நாட்டுல இது ஆரம்பிச்சப்ப 45 நாள்தான். 2017-லதான் 61 ஆச்சு. மேற்குக் கரைக்கு இந்த லீவு ஜூன் 1-லேர்ந்து ஜூலை 31 வரை. நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது. அதனால ஊர்ல மீனே இல்லாமப் போயிடாது. ஆனா, வஞ்சிரம் விலையைக் கேட்டா தலை சுத்தும்!

மீனுக்கு ரெஸ்ட்... போட்டுக்கு ஆஸ்பத்திரி!

கிரேன்ல பெல்ட் மாட்டித் தூக்கி கரையில உட்கார வெச்சதும் முதல் வேலை, சுரண்டுறது. பாசி, சிப்பி, ஓட்டோட ஒட்டிக்கிட்டு வளர்ற பார்னக்கிள்னு ஒரு குடித்தனமே அடியில இருக்கும். அதை அப்படியே விட்டா, தண்ணியில உராய்வு அதிகமாகி டீசலைக் குடிக்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல 'டிராக்'னு எழுதிட்டு மறந்துட்டோமே... அதேதான், இங்கே டீசல் பில்லா நிக்குது!

அடுத்த வில்லன், கப்பல் புழு. பேருதான் புழு; உண்மையில சிப்பிக்குச் சொந்தக்காரன். வெளியில ஊசித் துளை மாதிரிதான் தெரியும். உள்ளே மரத்தைக் குடைஞ்சு சுரங்கமே போட்டிருக்கும். குடையக் குடைய, சுரங்கத்தோட சுவருக்குத் தானே பூச்சும் பூசிக்கும். இந்த டெக்னிக்கைப் பார்த்துதான் மார்க் புருனெல் சுரங்கம் தோண்டுற 'ஷீல்டு' ஐடியாவைப் பிடிச்சதா சொல்வாங்க. 1818-ல பேட்டன்ட் வாங்கினார். லண்டன்ல தேம்ஸ் நதிக்கு அடியில அவர் போட்ட டன்னல் 1843-ல திறந்தது. நம்ம மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டின மெஷின்களும் அந்தப் பரம்பரைதான். சிவில் பசங்க ஒரு கும்பிடு போட்டுக்கோங்க!

படகு கட்டுற ஆசாரிகள், பலகையைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாங்க. 'டங்'குன்னா நல்ல மரம். 'தொப்'புன்னா உள்ளே மக்கிடுச்சு, மாத்தணும். கத்திரி வெயில்ல பலகை காய்ஞ்சு சுருங்கி, இடுக்கெல்லாம் வாயைப் பிளக்கும். அந்த இடுக்குல பஞ்சுத் திரியை வெச்சு, உளியால அடிச்சு இறக்குவாங்க. இதுக்கு 'கலப்பத்து' அடிக்கிறதுன்னு பேரு. மறுபடி தண்ணியில இறங்கினதும் மரம் ஊறிப் பெருத்து, திரியை இறுக்கிப் பிடிச்சுக்கும். தண்ணி உள்ளே வராம இருக்கத் தண்ணியே ஹெல்ப் பண்ணுது... எப்பூடி?

இப்ப நிறைய படகுகளுக்கு மரத்து மேலேயே ஃபைபர் போர்த்திடுறாங்க. அதுலயும் ஒரு கண்டம் உண்டு. ஈரம் காயறதுக்குள்ள அவசரப்பட்டுப் போர்த்திட்டா, உள்ளுக்குள்ளேயே மரம் மக்கும். வெளியில பார்த்தா பளபளன்னு புதுப் படகு!

கடைசியா, அடிப்பாகத்துக்கு பெயின்ட். தாமிரச் சத்து கலந்த பெயின்ட் அடிச்சா, பார்னக்கிள் குடிவர யோசிக்கும். புரொப்பெல்லர் பக்கத்துல ஒரு துத்தநாகக் கட்டி தெரிஞ்சா, அது சும்மா இல்லை. உப்புத் தண்ணியில அது முதல்ல அரிச்சுக் கரைஞ்சு, மத்த உலோகத்தைக் காப்பாத்தும். கெமிஸ்ட்ரி புத்தகத்துல படிச்ச 'தியாக ஆனோட்' இவர்தான்!

இதெல்லாம் பார்க்க ஜாலி. ஆனா, கணக்கு ஜாலியா இல்லை. ஒரு படகைச் சரிபண்ணி இறக்க லட்சங்கள்ல செலவாகும். வருமானமே இல்லாத மாசத்துலதான் அந்தச் செலவு. ஓனர் கடன் வாங்குவார். படகுல போற தொழிலாளிக்கு மாசச் சம்பளம் கிடையாது. பிடிச்ச மீன்லதான் பங்கு. மீன் இல்லைன்னா பங்கும் இல்லை. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலேர்ந்து 8,000-ஆ உயர்த்துறதா 2023-ல அரசு அறிவிச்சது. 61 நாளுக்கு வகுத்துப் பாருங்க... ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு 131 ரூபாய். நம்ம கேன்டீன் பில்லே அதைத் தாண்டிடும்!

கையில காசு குறையும்போது எதைக் குறைப்பாங்க? கலர் பெயின்ட்டை, பேர் எழுதுறதை, கட்டுற கொடியைக் குறைக்கலாம். அடிப்பலகையில கை வைக்க முடியாது. கரைக்கு எட்டாத தூரத்துல இடுக்கு விட்டுச்சுன்னா, படகுல இருக்கிற அத்தனை பேர் உயிரும் அந்தப் பஞ்சுத் திரியிலதான் தொங்கும். அதனாலதான் வெளியில சாயம் போன படகுகூட அடியில புதுப் பலகையோட நிக்கிறதைப் பார்க்கலாம்.

போறவங்களுக்குச் சில டிப்ஸ்: காலையில சீக்கிரம் போங்க, பத்து மணிக்கு மேல வெயில் பிளந்து கட்டும். முட்டுக்கொடுத்த படகுக்கு அடியில நின்னு செல்ஃபி வேண்டாம். கிரேன் வேலை நடந்தா தள்ளி நில்லுங்க. போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி, 'அண்ணே, எடுத்துக்கட்டுமா?'ன்னு கேளுங்க. 'இன்னா தம்பி, எந்தக் காலேஜு?'ன்னு ஆரம்பிச்சா, டீ வாங்கிக் கொடுத்து உட்கார வெச்சுப் பேசுற ஆளுங்க அங்கே நிறைய.

முடிஞ்சா ஜூன் 14 ராத்திரியும் ஒரு விசிட் அடிங்க. ஐஸ், டீசல், அரிசி, பருப்புன்னு ஏத்திட்டு, பூஜை போட்டுக் கிளம்புவாங்க. கூட்டமெல்லாம் முன்பக்கத்து மாலையைத்தான் பார்க்கும். நீங்க தண்ணிக்குக் கீழே போயிட்ட அந்தப் பாகத்தை நினைச்சுக்கிட்டே கையசைங்க!