உண்ணி தாங்கும் வம்சம்

உண்ணியைத் தாங்கும் தேனீ வம்சம் என்ற பேச்சில் ஒரு குழப்பம் இருக்கிறது. தாங்கும் திறன் ஏதோ ஒரு ராணியின் உடம்பில் இருப்பதுபோலவும், அவளை விலைக்கு வாங்கிவிட்டால் காரியம் முடிந்ததுபோலவும் பேசிக்கொள்கிறோம். வாரோவா உண்ணிகள் ஆசிய ஈயோடு, நம் நாட்டு ஈ அதில் ஒரு கிளை, நெடுங்காலமாகக் குடித்தனம் நடத்துபவை. ஈ அவற்றை ஒழித்துவிடவில்லை. ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறது. வேலைக்கார ஈயின் அறையில் உண்ணி அநேகமாகப் பெருகுவதில்லை. ஆண் ஈயின் அறையில்தான் பெருகும். அங்கும் மிகுந்துவிட்டால், நலிந்த ஆண் ஈயால் கெட்டியான மூடியைத் தள்ளி வெளிவர முடியாது. மற்றவை திறந்து விடுவதுமில்லை. ஈயும் உண்ணியும் சேர்ந்து உள்ளேயே சமாதி. சில ஆண் பிள்ளைகளைக் கொடுத்துக் குடும்பம் பிழைத்துக்கொள்கிறது.

மெல்லிஃபெரா என்ற மேல்நாட்டு ஈக்கு இது வாய்க்கவில்லை. அதன்மேல் தாவிய உண்ணி வேலைக்கார ஈயின் அறையிலும் பெருகியது. 1987இல் அமெரிக்காவில் காணப்பட்டது. (1904இல் ஜாவாவில் பெயரிடப்பட்டதும் இப்படி நாசம் செய்வதும் வேறு வேறு இனங்கள் என்று 2000இல்தான் பிரித்தறிந்தார்கள்.) பிறகுதான் வம்சத் தேர்வு. உறையவைத்துக் கொன்ற புழு அடையைப் பெட்டிக்குள் வைத்து, ஒரு நாளில் எவ்வளவு சுத்தம் செய்கின்றன என்று எண்ணி, முந்தும் கூட்டத்திலிருந்து ராணி எடுப்பது ஒரு வழி. ஸ்வீடனின் காட்லாந்து தீவில் 1999இல் 150 கூட்டங்களை மருந்தில்லாமல் விட்டுவிட்டார்கள். சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மடிந்தன. எஞ்சியவை சிறுத்த கூட்டங்கள். தேன் வியாபாரி விரும்பக்கூடியவை அல்ல. கொடூரமென்றாலும் இந்தச் சோதனைதான் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. தாங்கும் திறன் எத்தனை சாவுகளால் ஆனது என்பதை அது மறைக்கவில்லை.

நாட்டு ஈ என்று மார்தட்டவும் வழியில்லை. மரபு என்ற சொல்லை வைத்து நம்மில் சிலர் மார்தட்டுவது ஞாபகம் வருகிறது. உண்ணியோடு சமாதானமாக இருந்த அதே ஈ, 1991இல் வந்த தாய் சாக்புரூட் வைரஸுக்கு முன் நிற்கவில்லை. எங்கள் குமரி மாவட்டத்தில் பெட்டி பெட்டியாகக் காலியாயிற்று. நீர் கட்டிய பைபோல் ஊதி, தலை நிமிர்ந்து, புழு அறையிலேயே செத்துக்கிடக்கும். தப்பியவற்றை எந்த விஞ்ஞானியும் தேர்ந்தெடுக்கவில்லை.

கொல்லையில் ஐந்து பெட்டி வைத்திருப்பவன் வம்சத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன? புது ராணி வெளியே பறந்துபோய்ப் பல ஆண் ஈக்களோடு கூடித் திரும்புகிறாள். அவை யார் பெட்டியில், எந்த மரப்பொந்தில் பிறந்தவையோ. விலைகொடுத்து வாங்கிய குணம் சில தலைமுறையில் ஊரோடு கரைந்துவிடும். என் கையில் இருப்பது, எந்தப் பெட்டியைப் பிரிப்பது, மழைக்காலத்தில் எதற்குச் சீனிப்பாகு வைப்பது என்பது மட்டும்தான்.

பக்கத்துத் தோட்டக்காரர் இருபது பெட்டி வைத்திருக்கிறார். ரப்பர் தளிர்க்கும்போது அதிகம் தேன் தரும் பெட்டியைத்தான் பிரிப்பார். "தேன் தராத ஈக்கு எதுக்குச் சீனி?" என்பது அவர் கட்சி. அவர் பெட்டி ஆண்கள்தான் என் ராணிகளுக்கு மாப்பிள்ளைகள். என்னிடமுள்ள இரண்டாவது பெட்டி நிறையத் தேன் தந்தது. ஆனால் அதில் புழு செத்தது. அதைப் பிரிக்கப்போவதில்லை. மூலையிலுள்ள சின்னப் பெட்டியில், செத்த புழு விடிவதற்குள் வாசற்பலகைக்கு வந்துவிடுகிறது. தேன் ஒரு கிலோ தேறாது. அதைப் பிரித்து ஒரு பாதியை அவருக்குக் கொடுக்கலாமென்றிருக்கிறேன். வாங்கிக்கொள்வாரா தெரியவில்லை.